சுவருக்குள் யார் கை வைக்கலாம்?

புணே அருகே நிக்டி பிராதிகரணில் நாங்கள் குடியிருக்கும் சொசைட்டியின் பொதுக்கூட்டத்தில் இந்த ஆண்டு ஒரு தீர்மானம் வந்தது. அரசு லைசென்ஸ் இல்லாத எந்த ரிப்பேர் ஆளையும் வாட்ச்மேன் கேட்டுக்குள் விடக் கூடாது என்பது தீர்மானம். எலெக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், பெயின்டர், டைல்ஸ் ஒட்டுபவர், ஏ.சி. மெக்கானிக் எல்லோரும் அதில் அடக்கம். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் வீட்டுக்கு மேலே உள்ள குளியலறையிலிருந்து ஒழுகிய தண்ணீர் சுவர் வழியாக ஸ்விட்ச் போர்டு வரை இறங்கியிருந்தது. ஈரச் சுவரைத் தொட்ட அவர் மனைவிக்கு ஷாக் அடித்து, வெகுநேரம் கை மரத்துப்போய்க் கிடந்தது. பயந்துபோன குடும்பம் கேட்டது நியாயமான கேள்வி: டெஸ்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர் எவரும் நம் வீட்டுச் சுவரைக் குடையலாமா?

அந்தத் தீர்மானத்தை நான் எதிர்த்தேன். சில வேலைகளுக்கு லைசென்ஸ் கட்டாயம் வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிவருபவன் நான். அதனால் பலருக்கும் என் எதிர்ப்பு புரியவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் பாதியில் நின்றுபோன பேச்சை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் டிரேடு முடித்து, அப்ரென்டிஸாக இந்தப் பக்கம் வந்தவன் நான். சிஞ்ச்வட் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் கடைசிவரை வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வயர்மேன் பர்மிட்டும் பிறகு வாங்கிய சூப்பர்வைசர் சான்றிதழும் இன்றும் பீரோவில் இருக்கின்றன. மராத்தியில் வயர்மேனை ‘தார்தந்த்ரி’ என்பார்கள். அந்தப் பட்டத்தை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தால்தான் விஷயம் விளங்கும். பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர வளர்ச்சி ஆணையம் 1972இல் ஏற்பட்டது. ஆகுர்டியில் பஜாஜ், பிம்ப்ரியில் டெல்கோ, அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் என்று தொழில் பெருகிய காலம். அங்கே உழைப்பவர்களுக்கு வீடு வேண்டுமே என்று நிலத்தை எடுத்து, செக்டர் செக்டராகப் பிரித்து, 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ‘பிராதிகரண்’ என்று நாங்கள் சொல்வது அந்த ஆணையத்தைத்தான். 2021இல் ஆணையத்தைக் கலைத்தாகிவிட்டது, பெயர் மட்டும் தெருவில் நிலைத்துவிட்டது. அந்தக் காலத்து வீடுகளில் நான்கு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு டி.வி. ஓடும் அளவுக்குத்தான் வயர் இழுத்திருப்பார்கள். சில வீடுகளில் அலுமினியக் கம்பி. எர்த் கம்பி பேருக்கு ஓரிடத்தில் முடிந்திருக்கும். இன்றைக்கு அதே சுவருக்குள் ஒன்றரை டன் ஏ.சி., கீசர், இண்டக்ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், அண்மையில் மின்சார ஸ்கூட்டருக்கான சார்ஜர் என்று எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன. சுவர் பழையது, சுமை புதியது. இந்த ஊரில் ரிப்பேர் வேலைக்குப் பஞ்சமே கிடையாது.

வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் வருவார்கள். காலை எட்டு மணிக்கு, கூலி ஆட்கள் வேலைக்காகக் காத்து நிற்கும் நாகாவில் போய் நின்றால் தெரியும். லாத்தூர், பீட், நாந்தேட் பக்கத்துக்காரர்கள், கலபுரகியிலிருந்து வந்தவர்கள், பீகார், உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள், நடுவே நம்மூர்க்காரர்களும். மிஸ்திரி ஒருவர், அவருக்குக் கையாளாக, மராத்தியில் ‘பிகாரி’ எனப்படும் எடுபிடி ஒருவர். (நம்மூர்க் கொத்தனாரும் சித்தாளும் மாதிரி.) தாளில் எந்தத் தகுதியும் இல்லாத இவர்களில் அருமையான வேலைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். செங்கம் பக்கத்துத் தம்பி ஒருவர், சுவருக்குள் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று டைல்ஸை விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். “எந்த பள்ளிக்கூடத்துல படிச்சே தம்பி?” என்று ஒருமுறை கேட்டேன். “மாமாகூட பத்து வருஷம் பை தூக்கினேன் அண்ணாச்சி, அதான் படிப்பு” என்றார். கூட்டத்தில் வந்த தீர்மானம் அப்படியே நிறைவேறியிருந்தால் முதலில் வெளியே நின்றிருப்பவர் அவர்தான்.

இனிச் சட்டம். லைசென்ஸ் இனிமேல்தான் வர வேண்டும் என்று கூட்டத்தில் பலரும் நினைத்தார்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை அது எப்போதோ வந்துவிட்டது. நாங்கள் ஐ.டி.ஐ.யில் படித்தபோது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதியை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அதன் சாரம்தான் பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும், அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது. மின்னமைப்பில் புதிதாகச் சேர்ப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது எதுவானாலும் மாநில அரசின் லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசர் மேற்பார்க்க வேண்டும். பர்மிட் வைத்திருப்பவர் கை வைக்க வேண்டும். ஆக மூன்று அடுக்கு.

இதில் ஒரு விலக்கும் இருக்கிறது, அதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. 250 வோல்ட்டுக்கு மேற்படாத விளக்கு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வேறொன்று மாட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. கெட்டுப்போன ஃபேனை இறக்கிப் புதிய ஃபேன் மாட்ட எவரையும் கூப்பிடலாம். ஏ.சி.க்காகப் புதிய லைன் இழுத்தால் அது வேறு கணக்கு. விதியை எழுதியவர்கள் நிதானமாக யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கோளாறு விதியில் இல்லை, அது தெருவுக்கு வரும் வழியில் இருக்கிறது. மாநில மின் விநியோக நிறுவனமான மகாவிதரணிடம் புதிய இணைப்பு கேட்டாலும், லோடு கூட்டக் கேட்டாலும், லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டர் கையெழுத்திட்ட டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். அந்த ரிப்போர்ட் எதற்கு? மெகர் கருவியை வைத்து இன்சுலேஷன் பார்க்க வேண்டும். பழைய விதிப்படி 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் சோதித்து, ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். எர்த் ஒழுங்காக இறங்குகிறதா, போலாரிட்டி சரியா, அதாவது ஸ்விட்ச் ஃபேஸ் கம்பியில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் பார்த்துப் போட வேண்டிய கையெழுத்தை, வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் போட்டுக் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பணம் கொடுத்தால் தாள் வந்துவிடும். சுவருக்குள் கம்பி இழுத்தவர் நாகாவிலிருந்து வந்த, பர்மிட் இல்லாத பையன். அவன் யாரென்று கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாது. ஏதாவது நடந்தால் பையன் ஊருக்கு ஓடிவிடுவான். தாள் அலுவலகத்துக் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

மின்சாரம் தாக்கி நம் நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கு மேல் சாகிறார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. வயலில் அறுந்து கிடக்கும் கம்பி, மழையில் நனைந்த தெருக்கம்பம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வீட்டுக்குள் நடப்பதும் சேரும். செத்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் டெஸ்ட் ரிப்போர்ட் ஒழுங்காக இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மின்சாரத்துக்காவது தாளில் ஒரு விதி உண்டு. கேஸ் கீசர் மாட்டுவதற்கு அதுவும் இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பொருள் அவ்வளவு பழக்கமில்லை, புணே, மும்பை, நாசிக் பக்கம் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். சமையல் கேஸ் சிலிண்டரிலிருந்தோ குழாய் கேஸிலிருந்தோ ஒரு ஹோஸ் இழுத்து, சின்னப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டிவிடுவார்கள். குழாயைத் திறந்ததும் உள்ளே பர்னர் பற்றிக்கொண்டு சுடுதண்ணீர் கொட்டும். கரண்ட் செலவு இல்லை, காத்திருக்கவும் வேண்டாம். நிக்டியின் டிசம்பர் குளிரில் அது பெரிய சௌகரியம்தான்.

அந்தப் பெட்டியைக் குளியலறைக்குள் மாட்டினால் வருகிறது வினை. எரியும் பர்னருக்கு ஆக்சிஜன் வேண்டும். குளிருக்காக ஜன்னலை அடைத்து, கதவைத் தாழிட்டுக் குளிக்கும்போது சின்ன அறையின் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். அப்போது கேஸ் முழுதாக எரியாது, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சமையல் கேஸ் கசிந்தால் நாம் தெரிந்துகொள்வதற்காகவே அதில் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமில்லை, நிறமில்லை, கண் எரிச்சலும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். குளிப்பவருக்கு லேசாகத் தலை சுற்றும், கால் துவளும். கதவைத் திறக்க வேண்டும் என்ற நினைப்பு வரும்போது எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. குளிர்காலந்தோறும் இந்தப் பக்கத்துச் செய்தித்தாள்களில் இப்படிப் போன உயிர்களின் செய்தி வருகிறது. இளம் வயதினர், புதுமணத் தம்பதிகள், குழந்தைகள்.

இந்தக் கருவிக்கு ஐ.எஸ். 15558 என்று தரக்குறியீடு இருக்கிறது. பெட்டி நல்ல பெட்டிதான். எங்கே மாட்டுவது என்று கையேட்டிலும் போட்டிருக்கிறது. குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனியிலோ டக்ட் பக்கமோ மாட்டி, சுடுதண்ணீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுபோக வேண்டும். மாட்டுகிறவர் யார்? கடைக்காரர் அனுப்பும் பையன். “காகா, வெளியே மாட்டினா பைப் அதிகம் ஆகும், ஆயிரத்து ஐந்நூறு கூட ஆகும், வீட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்க” என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. உள்ளே மாட்டினால் உயிர் போகும் என்று அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இந்த வேலைக்கு லைசென்ஸ் இருந்தால், அதை வாங்க ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தால், “முடியாதுங்க, வெளியேதான் மாட்டுவேன்” என்று சொல்லும் தைரியம் அவனுக்கு வந்திருக்கும். வீட்டுக்காரர் தப்பான காரியத்துக்கு வற்புறுத்தும்போது மறுத்துப் பேச லைசென்ஸ் ஓர் ஆதரவு. பிரிட்டனில் ‘கேஸ் சேஃப்’ பதிவு இல்லாதவர் கூலிக்குக் கேஸ் அடுப்பையோ கீசரையோ தொடுவது குற்றம். பழைய ‘கார்கி’ பதிவுக்குப் பதிலாக 2009இல் அந்த முறையைக் கொண்டுவந்தார்கள். 

ஏ.சி. பக்கமும் இப்போது கவனம் தேவைப்படுகிறது. பழைய ஆர்-22 வாயு தீப்பிடிக்காது. ஓசோன் படலத்துக்குக் கேடு என்று அதை ஒதுக்கிவருகிறார்கள். அதன் இடத்துக்கு வந்த ஆர்-32 ஓரளவு தீப்பற்றும். ஆர்-290 என்பது புரொப்பேன், சமையல் கேஸின் உறவு. வாயு நிரப்பிய குழாயில் பற்றவைப்பு விளக்கைக் காட்டுகிற பழைய பழக்கம் இனி ஆகாது. மத்திய அரசின் ஓசோன் பிரிவு மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி நடத்துகிறது. போக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

பிளம்பர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சிக் குழாயிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுக்க லைசென்ஸ் பெற்ற பிளம்பர் வேண்டும். பிம்ப்ரி-சிஞ்ச்வட்டிலும் அப்படித்தான், சென்னைக் குடிநீர் வாரியத்திலும் அப்படித்தான். மீட்டரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் முறுக்கலாம். பெரும்பாலும் அதில் ஆபத்தில்லை. ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், ஆளைக் கூப்பிட்டுத் திட்டலாம். குடிநீரும் கழிவுநீரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடத்தில் மட்டும் நான் கண்டிப்பு காட்டுவேன். 2025 ஜனவரியில் புணே வட்டாரத்தில் கில்லன்-பாரே நோய் பரவியபோது தண்ணீரில் கிருமி கலந்ததுதான் முதல் சந்தேகமாக இருந்தது. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் ஒரு வாய் குடிக்கவில்லை.

இதையெல்லாம் வைத்து நான் போடும் கோடு இதுதான். வேலையில் தப்பு நடந்திருக்கிறதா என்று வீட்டுக்காரரால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தெரியவரும்போது உயிர் போயிருக்கும் என்றால், அந்த வேலைக்கு லைசென்ஸ் வேண்டும். வயரிங், கேஸ், லிஃப்ட், தீப்பற்றும் வாயு ஓடும் ஏ.சி. இந்த வகை. சுண்ணாம்பு உதிர்வதும், அலமாரிக் கதவு கோணுவதும், டைல்ஸ் ஏறி இறங்குவதும் நம் கண்ணுக்கே தெரியும். அங்கே அரசாங்கம் நுழைய வேண்டியதில்லை. தச்சருக்கும் பெயின்டருக்கும் நம் நாட்டில் லைசென்ஸ் என்று ஒன்று கிடையவும் கிடையாது. எங்கள் தீர்மானப்படி அவர்கள் எந்தத் தாளைக் காட்டிக் கேட்டுக்குள் வருவார்கள்? கூட்டத்தில் இதைத்தான் கேட்டேன். கடைசியில் தீர்மானத்தை மாற்றினார்கள். புதிய லைன் இழுப்பவர், மீட்டர் போர்டைத் தொடுபவர், கேஸ் வேலை செய்பவர் மூவர் மட்டும் பர்மிட்டையோ கம்பெனி அடையாள அட்டையையோ காட்டி, எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மற்றவர்களுக்குப் பெயரும் போன் நம்பரும் போதும்.

எல்லாத் தொழிலுக்கும் பூட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவைப் பார்க்கலாம். 1950களில் அங்கே வேலை செய்பவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குத்தான் மாநில லைசென்ஸ் தேவைப்பட்டது. இப்போது நான்கில் ஒருவருக்குத் தேவைப்படுகிறது. தொழிலுக்குள் ஏற்கெனவே இருப்பவர்கள் புதிதாக வருபவர்களைத் தடுக்கவே இது பயன்படுகிறது என்று மில்டன் ஃப்ரீட்மன் 1962லேயே எழுதினார். மின்சாரத்தையும் அப்படியே விட்டுவிடலாம் என்கிற அளவுக்கு அவரோடு நான் போகமாட்டேன். ஆனாலும் அவர் சொன்ன வியாதி உண்மையானது. கலிபோர்னியா ஒரு நடுவழி வைத்திருக்கிறது. சில்லறை வேலைகளுக்கு காண்ட்ராக்டர் லைசென்ஸ் வேண்டாம் என்ற வரம்பு அங்கே நெடுங்காலம் 500 டாலராக இருந்தது. 2025 ஜனவரி முதல் அதை 1,000 டாலராக உயர்த்தினார்கள், நகராட்சி அனுமதி தேவைப்படும் வேலைகளுக்கு விலக்குக் கிடையாது.

ஜெர்மனியின் அனுபவம் என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது. அங்கே கைத்தொழிலில் சொந்தமாகக் கடை போட வேண்டுமென்றால் ‘மைஸ்டர்’ பட்டம் வேண்டும் என்பது பழைய முறை. 2004இல் 94 தொழில்களில் 53க்கு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். டைல்ஸ் ஒட்டும் தொழிலும் அதில் ஒன்று. ஒற்றை ஆள் கடைகள் மளமளவென்று பெருகின. அதே சமயம் அந்தத் தொழில்களில் பழகுநர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது குறைந்துபோனது. 2020இல் 12 தொழில்களுக்குக் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், டைல்ஸ் உட்பட. கதவைத் திறந்துவிடுவது சுலபம், அடுத்த தலைமுறைக்கு யார் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடுவதில்லை. செங்கத்துத் தம்பிக்கு அவர் மாமா கற்றுக்கொடுத்தார். மாமா இல்லாத பையனுக்கு?

மாமா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மத்திய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொத்தனார், பூட்டுச் செய்பவர் முதலிய 18 தொழில்களுக்குச் சில நாள் பயிற்சி, கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன். உதவி நல்ல உதவிதான். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. பிறப்போடு தொழிலைக் கட்டிப்போடுவது ஆகாது என்று சொல்லி, கலைஞர் கைவினைத் திட்டம் என்று 25 தொழில்களுக்குத் தனியாக ஒன்றை அமைத்தது. தமிழ்நாடு சொன்னது சரி என்பேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எவரும் மின்சாரக் கம்பியைத் தொட்டதில்லை, ஐ.டி.ஐ. வாசல் திறந்திருந்ததால் நான் உள்ளே போனேன். மத்திய திட்டத்தின் பதினெட்டில் எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் இல்லை என்பது எனக்குத் தனி வருத்தம்.

லைசென்ஸ் யாரைக் காப்பாற்றுகிறது என்று பேசும்போது வாடிக்கையாளரை மட்டுமே நினைக்கிறோம். கழிவுநீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். அங்கே சாகிறவர் வேலைக்கு வந்தவர். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் இன்னும் சாவு நிற்கவில்லை. இயந்திரத்தோடு வரும், பதிவு பெற்ற வண்டியைத் தவிர வேறு யாரையும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் வீட்டுக்காரருக்குத் தண்டனை என்று கண்டிப்பாக நடத்தியிருந்தால், இறந்தவர்களில் பலர் இன்று பிள்ளைகளோடு இருந்திருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

இப்போது இளம் குடும்பங்கள் ஆப்பில் ஆளை வரவழைக்கின்றன. சீருடையோடு வருகிறார், பேசிய விலைக்குச் செய்கிறார், முடிந்ததும் நட்சத்திரம் கேட்கிறார். பயிற்சி கொடுத்து அனுப்பும் நிறுவனங்கள் உண்டு, நல்லதுதான். ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். ஐந்து நட்சத்திரம் போடுகிறவர் பார்த்தது வேலைக்கு வந்தவருடைய நடத்தையையும் சுத்தத்தையும். எர்த் கம்பி உள்ளே எங்கே போய் முடிகிறது என்று நட்சத்திரம் போட்டவருக்குத் தெரியாது.

அப்படியானால் நாகாவில் நிற்கும் ஆளுக்கு லைசென்ஸ் எப்படிக் கிடைக்கும்? இதற்கு நம்மூரில் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது, தமிழர்களுக்கே அது அதிகம் தெரியாது. தமிழ்நாட்டில் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை நடத்துகிறார்கள். ஐ.டி.ஐ. படித்திருக்க வேண்டியதில்லை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மின் வேலையில் ஐந்தாண்டு அனுபவம் இருக்க வேண்டும், மாலை வகுப்பில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. பகலில் வேலை, மாலையில் படிப்பு, பிறகு தேர்வு. பை தூக்கிக் கற்றவருக்கும் அரசாங்கம் ஒரு வாசல் வைத்திருக்கிறது. கேஸ் வேலைக்கும் ஏ.சி. வேலைக்கும் இதே மாதிரி ஒன்று எல்லா மாநிலத்திலும் வேண்டும்.

தேர்வென்றால் எளிய மனிதர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சவூதி அரேபியா 2022 கடைசியில் எலெக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் முதலானவர்களுக்கு விசா கொடுக்கும் முன் இந்தியாவிலேயே திறன் சோதனை நடத்தத் தொடங்கியது. நம் பிள்ளைகள் போய்ச் செய்துகாட்டித் தேறுகிறார்கள். தேறினால் வேலை நிச்சயம் என்று தெரிந்தால் படிப்பார்கள். இங்கே பர்மிட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கூலி ஒன்றுதான், பிறகு எதற்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வகுப்புக்குப் போவார்கள்? பர்மிட் வைத்திருப்பவரின் எண்ணைக் கேட்டு வாங்கி, அதற்காகக் கூட நூறு ரூபாய் கொடுக்கிற பழக்கம் வீட்டுக்காரர்களிடம் வர வேண்டும்.

செலவுக்குப் பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1996இல் வந்த சட்டத்தோடு தொடங்கி, கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு செஸ்ஸாக வசூலாகிக் கட்டடத் தொழிலாளர் நல வாரியங்களுக்குப் போகிறது. (தமிழ்நாடு 1982லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் போட்டு, 1994இல் கட்டடத் தொழிலாளர்களுக்கு வாரியம் அமைத்துவிட்டது.) எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் பெயின்டரும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று காட்டினால் அட்டை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, விபத்துக்கு இழப்பீடு. நாடு முழுக்க அந்த வாரியங்களில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவாகாமல் கிடந்ததை உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. பர்மிட் வகுப்புக்கு வருகிறவருக்கு அந்த நாளின் கூலியை அதிலிருந்து கொடுக்கலாம்.

நிக்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மோர்வாடியில் மாநகராட்சியே ஐ.டி.ஐ. நடத்துகிறது. பெண்களுக்குக் காசர்வாடியில் ஒன்று இருக்கிறது. மெகர் இருக்கிறது, பழகுவதற்கு வயரிங் போர்டுகள் இருக்கின்றன, சொல்லித்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நாகா ஆட்கள் வேலை முடித்து வரும் ஆறரை மணிக்கு மேல் அங்கே மராத்தியிலும் இந்தியிலும் வகுப்பு வைக்க வேண்டும், தேர்வைச் செய்முறையாகவும் வாய்மொழியாகவும் நடத்த வேண்டும், தேறியவர்களின் எண்ணை மாநகராட்சி வார்டுவாரியாக வெளியிட வேண்டும் என்று கேட்டு மாநகராட்சிக்கு எழுதியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை வந்து சம்பளம் வாங்காமல் எர்த்திங் சொல்லிக்கொடுக்கத் தயார் என்றும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன். எங்கள் செக்டரில் ஓய்வு பெற்ற மூத்த எலெக்ட்ரீஷியன்கள் இன்னும் சிலர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.